நெற்றியில் இரண்டு தங்க ஊசி

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் சன்னாசியின் முடிவெட்டும் கடைக்கு ஆள் வராமல் இல்லை. காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், அவர் வாங்கிக் கொடுக்கும் கோப்பியைக் குடிப்பார்கள். முடியை மட்டும் வெட்டிக்கொள்ள மாட்டார்கள். அதற்கு பாசார் பக்கத்துச் சீனர் கடைக்குப் போவார்கள். திரும்பி வரும்போது சன்னாசி பார்த்தால் மனம் சங்கடப்படுவாரே என்று தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கடையைத் தாண்டுவார்கள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, தெருவில் நாலு பேர் தொப்பியோடு போனால் சன்னாசிக்கு விளங்காதா? எல்லாம் விளங்கும். பார்க்காத மாதிரி அவரும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அந்தப் பேப்பரும் படபடவென்று ஆடும்.

எல்லாம் அந்த வலது கை செய்த வேலை. சும்மா மடியில் கிடக்கும்போது சாதுவாகக் கிடக்கும். கத்தியை எடுத்து யாருடைய காதுப்பக்கமாவது கொண்டுபோனால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். கடைசியாகப் பலியானது தபால்காரர் பத்துமலையின் மீசை. மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற அன்று மீசையை ஒழுங்கு செய்ய வந்தவர், ஒரு பக்கம் போய்விட்டதால் மறுபக்கத்தையும் தியாகம் செய்துவிட்டு, யாரோ போல வீட்டுக்குப் போனார். இரண்டு கிளாஸ் சம்சு உள்ளே போனால் சன்னாசியின் கை நிற்கும், அது உண்மைதான். ஆனால் அப்போது ஆள் நிற்க மாட்டார்.

ஊருக்கெல்லாம் சவரம் செய்த மனிதருக்கு இப்போது தினமும் காலையில் சவரம் செய்துவிடுவது அவர் மனைவி ராக்காயி. பாசாரில் இடியப்பம் விற்றுவிட்டு ஒன்பது மணிக்கு வருவாள். வந்ததும் அவரை வாசலில் உட்காரவைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, கத்தியோடு கூடவே வாயையும் ஓட்டுவாள்.

“ஆடாம இருங்க லா. கைதான் ஆடுதுன்னா தலையுமா ஆடணும்? நேத்து ராத்திரி கறியச் சட்டையில கொட்டிருக்கீங்க, அதத் தொவைக்கிறது யாரு, ஒங்க பாட்டனா?”

திட்டிக்கொண்டேதான் சோற்றையும் பிசைந்து ஊட்டிவிடுவாள். சன்னாசிக்கு அந்தத் திட்டு காதில் தேன். ஆனால் அந்தத் தேனுக்குள் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு முள் இருந்தது. அதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் கதிரவேலு ஊருக்குப் புதுசு. அதனால்தான் துணிந்து சன்னாசியின் நாற்காலியில் உட்கார்ந்தார். தைப்பிங்கில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்து, லண்டனில் பல வருஷம் மூளை ஆப்பரேஷன் செய்துவிட்டு, அந்த எண்பத்தேழாம் ஆண்டில்தான் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணைக் காட்டினார்கள், இருமினார்கள். பத்துமலை எழுந்து வந்து தன் மீசையில்லாத உதட்டைத் தடவிக் காட்டிப் பார்த்தார். டாக்டர் ஒன்றையும் கவனிக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த சன்னாசியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய இடது கிருதா காதுக்கு மேலே ஏறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“எவ்வளவு காலமா இப்பிடி நடுங்குது?” என்று கேட்டார்.

“ஆச்சு டாக்டர், நாலஞ்சு வருசம்.”

“சாப்பிடேக்க?”

“பாதி எனக்கு, பாதி கோழிக்கு.”

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து மடித்து வைத்தார். “இதை நிப்பாட்டலாம். வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு என்னட்ட வாங்கோ,” என்றார். பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது.

மருத்துவமனையில் அவர் விளக்கிச் சொன்னார். மூளைக்குள் ஆழத்தில் ஒரு சின்ன இடம், வேண்டாத நேரத்தில் கைக்குக் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறது. உச்சந்தலையில் ஒரு சிறிய துளை போட்டு, மெல்லிய கம்பியை அந்த இடம்வரைக்கும் இறக்கி, நுனியைச் சூடாக்கி அதை அடக்கிவிடலாம். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். கஷ்டம் என்னவென்றால் அந்த இடம் படத்தில் தெரியாது. அதன் பக்கத்தில் தெரிகிற இரண்டு அடையாளங்களைப் பிடித்து, அங்கிருந்து அளந்துதான் போக வேண்டும். ஓர் அரிசி அகலம் தவறினால் கை நிற்பதற்குப் பதில் கால் நின்றுவிடும்.

“அதுக்குத்தான் இது,” என்று மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைத் தட்டினார். “தலைக்குள்ள எடுக்கிற படத்தை இது பாக்கும். எங்கட பெரிய டாக்டர்மார் எப்பிடி யோசிப்பினம் எண்டு நானும் என்ரை கூட்டாளியும் வருஷக்கணக்கா இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறம். எந்தப் பக்கத்தால துளை போடலாம், என்ன சரிவில இறங்கலாம் எண்டு யோசிச்சு வழி சொல்லும். செயற்கை அறிவு எண்டு பெரிய பேரெல்லாம் வச்சிருக்கினம். ஆனா முடிவு என்ரை. இது கூட இருந்து யோசிக்கிற ஆள், அவ்வளவுதான்.”

ராக்காயி அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சன்னாசிக்கோ டாக்டர் சொன்னதில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்திருந்தது. தலைக்குள்ளே படம் எடுப்பார்களாம். அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

ஏனென்றால் சன்னாசியின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் மேலே, தோலுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தங்க ஊசிகள் இருந்தன.

அதைக் குத்திக்கொண்ட காலத்தில் அவருக்கு இளமீசை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு ஞாயிறுதோறும் சைக்கிளில் போய், வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு முடி வெட்டுவார். அங்கே பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவள் ராக்காயி. கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவள். சன்னாசி இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஏக்கத்தில் இவர் கத்தரிக்கோலால் தன் விரலையே வெட்டிக்கொண்ட நாள் உண்டு. கடைசியில் கூட்டாளி ஒருவன் கோலக் கங்சார் பக்கத்துக் கம்போங் ஒன்றுக்கு, அந்த மலாய்க் கிராமத்தில் இருந்த ஒரு போமோவிடம் கூட்டிப்போனான். வைத்தியமும் மந்திரமும் தெரிந்த மலாய்க் கிழவர் அவர். முடிபோல மெல்லிய தங்க ஊசியை மந்திரித்து நெற்றியில் ஏற்றிவிட்டால் பார்க்கிற பெண் மயங்குவாள் என்றார். சூசுக் என்று அதற்குப் பெயர். வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் இராது. ஆனால் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, பீசாங் மாஸ் பழம் தின்னக் கூடாது, துணி காயும் கொடிக்கு அடியில் போகக் கூடாது.

சில மாதங்களில் ராக்காயியின் வீட்டிலிருந்தே ஆள் வந்தது. கல்யாணம் முடிந்தது.

அன்றிலிருந்து சன்னாசி அந்தச் சின்னச் சின்ன வாழைப்பழத்தைத் தொட்டதில்லை. வீட்டுக் கொடியில் சேலை காய்ந்தால் பக்கத்து வீட்டு வாசல் வழியாகச் சுற்றிக் கொல்லைக்குப் போவார். பைத்தியக்கார மனுஷன் என்று ராக்காயி சிரிப்பாள். சிரித்தால் இவருக்குச் சந்தோஷமும் வரும், கூடவே சுருக்கென்றும் இருக்கும். அந்தச் சிரிப்பு தனக்கா, ஊசிக்கா? விஷக்காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் விசிறினாளே, அது இவள் மனமா, கிழவரின் மந்திரமா? கேட்கவும் முடியாது. கேட்டால் மந்திரம் உடைந்துவிடும். இப்படி ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினார் என்றால், அந்த மனிதரின் பொறுமையைப் பாராட்டுவதா, மண்டையில் குட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

படம் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் தலையைக் கொடுத்து அசையாமல் படுத்திருந்தார். படம் எடுக்கும் ரொகாயா என்ற மலாய்ப் பெண் திரையைப் பார்த்தாள், சன்னாசியின் நெற்றியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். தலைத்துணி முனையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சன்னாசிக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் டாக்டரின் அறையில் சன்னாசியும் ராக்காயியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் திரையில் பச்சை எழுத்து ஓடியது. அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், டாக்டர் தமிழில் கேட்டுப் பதிலைத் தட்டுவார். எந்தக் கை, வயது என்ன, அடிபட்டால் ரத்தம் நிற்குமா, இதெல்லாம் சுமுகமாகப் போயிற்று. பிறகு பெட்டி நின்றது. நெற்றிப்பக்கம் இரண்டு வெள்ளைப் புள்ளி இருக்கிறது, அதிலிருந்து கிளம்பும் கீற்றுகள் மூளையின் நடுப்பகுதியை மறைக்கின்றன, தனக்கு வேண்டிய இரண்டு அடையாளங்களும் தெளிவாக இல்லை என்றது.

டாக்டர் வாசித்தார். “தலையிலயோ முகத்திலயோ ஏதேனும் உலோகம் இருக்கோ எண்டு கேக்குது. வெல்டிங் பொறி, ஊசித்துண்டு, அப்பிடி ஏதும்?”

“இல்ல டாக்டர்.”

“அலகு குத்திக் காவடி எடுத்திருக்கிறியளோ?”

“இவரா?” என்றாள் ராக்காயி. “ஆத்தா கோயில்ல அடுத்தவன் குத்திக்கிறதப் பாத்தே மயங்கி விழுந்தவரு இவரு.”

டாக்டர் சன்னாசியை ஒரு நிமிஷம் பார்த்தார். தைப்பிங்கில் வளர்ந்தவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். “யோசிச்சுச் சொல்லுங்கோ. இது நீங்கள் சொல்லுறதை நம்பித்தான் மேல போகும்,” என்றார்.

“இல்லன்னா இல்லதான் டாக்டர்.”

டாக்டர் ‘இல்லை’ என்று தட்டினார். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வழி எதுவும் தர முடியாது என்று எழுதியது. நெற்றியைத் திறந்து பார்க்காமல் மேற்கொண்டு போகக் கூடாது. டாக்டர் ‘ஏன்’ என்று தட்டிக் கேட்டார். அப்படிக் கேட்டால் அது தன் யோசனையை வரிசையாகச் சொல்லும். உலோகம் இல்லை என்று நோயாளி சொல்கிறார். உலோகம் இல்லாமல் இவ்வளவு வெள்ளையாகத் தெரிவது எலும்பாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் எலும்பு வளரக் கூடாது. வளர்ந்திருந்தால் அது கெட்ட வளர்ச்சியாக இருக்கலாம்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. சன்னாசி கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு அது நேர்மையாக யோசித்திருந்தது. டாக்டருக்கு அது தெரியும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் ராக்காயி ஓலமிட்டாள்.

“கட்டியா? மண்டைக்குள்ள கட்டியா? ஐயோ மாரியாத்தா, கைதானே ஆடுச்சுன்னு நெனச்சேன்! இந்த மனுசனக் கொண்டுபோயிட்டா நான் யாரத் திட்டுவேன்?” மார்பில் அடித்துக்கொண்டாள். அழுகையோடு அழுகையாக, அவர் பிழைத்தால் தன் தலைமுடியைக் கோயிலுக்கு இறக்கிவிடுவதாக வேண்டிக்கொண்டாள். அந்த முடி இடுப்பைத் தாண்டும். அவள் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரே சொத்து அது.

சன்னாசிக்கு இந்த அழுகைகூட ஊசியின் வேலைதானோ என்று அந்த நேரத்திலும் ஓர் எண்ணம் ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. யார் செய்யும் வேலையாக இருந்தாலும் அழுவது அவள்தானே.

“கட்டி இல்ல புள்ள,” என்றார். “அழுவாத. டாக்டர், அது எலும்பும் இல்ல, கட்டியும் இல்ல. சூசுக்.”

கதவோரம் நின்றிருந்த ரொகாயா அல்லாவின் பெயரைச் சொல்லி மூச்சு விட்டாள்.

ராக்காயி அழுகையை அப்படியே நிறுத்தினாள். சூசுக் என்றால் என்னவென்று பேராக்கில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “எவளுக்காக?” என்று கேட்டாள்.

“ஒனக்காகத்தான். வேற யாருக்கு?”

“எப்ப?”

“கல்யாணத்துக்கு முந்தி. நீ என்னத் திரும்பியே பாக்கல, அதான்.” பிறகு எல்லாவற்றையும் சொன்னார், சைக்கிள், கம்போங், கிழவர், வாழைப்பழம், கொடி என்று ஒன்று விடாமல். சொல்லச் சொல்லப் பாரம் இறங்கியது, பயம் ஏறியது. ராக்காயி சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பினார். வேறு என்ன செய்வார்? பதிலை ‘ஆம்’ என்று மாற்றினார். எத்தனை, என்ன உலோகம், எந்த இடம் என்று அது கேட்டது. இரண்டு, தங்கம், புருவத்துக்கு மேல். அடுத்த நொடியே நெற்றியைத் திறக்கும் பேச்சைக் கைவிட்டது. தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து மறுபடி எடுத்தால் ஊசிகள் அந்தக் குறுக்குப் படங்களில் விழாது, கீற்றும் இருக்காது என்று எழுதியது.

டாக்டரின் முகம் மலர்ந்தது. “கெட்டிக்காரன்! ஊசியை எடுக்கத் தேவையில்லையாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“எடுத்துடுங்க டாக்டர்,” என்றாள் ராக்காயி.

“இல்லை அம்மா, மெஷினுக்கு இனி அது...”

“மிசினுக்கு வேணாம். எனக்கு வேணும். ரெண்டையும் எடுத்துடுங்க.” அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. அதுதான் சன்னாசியைக் கலக்கியது.

டாக்டர் அவரைப் பார்த்தார். எடுப்பதா, விடுவதா? கை நிற்கப் போகிறது. ஆனால் எடுத்தால் வீட்டில் என்ன நிற்கும், என்ன போகும்? சன்னாசி நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெளியே நடைவழியில் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. “எடுத்துடுங்க டாக்டர்,” என்றார். “போறதா இருந்தா, அவளா போகட்டும்.”

அன்றே எடுத்தார்கள். மரத்துப்போக ஓர் ஊசி, பொட்டளவு கீறல், இரண்டு தையல். பருத்தித் துணியில் வைத்து ரொகாயா காட்டினாள். இத்தனை வருஷம் தன்னை ஆட்டிவைத்த சாமான் இவ்வளவுதானா என்று சன்னாசி பார்த்தார். “ஹென்சம் ஹிலாங் லா, அண்ணே,” என்றாள் அவள், அழகெல்லாம் போச்சே என்று. எல்லோரும் சிரித்தார்கள். சன்னாசியும் சிரித்தார், ஆனால் வேர்த்திருந்தது.

ஆப்பரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க ராக்காயி வாயைத் திறக்கவில்லை.

சோறு வந்தது. ஊட்டியும் விட்டாள். கறி சட்டையில் சிந்தினால் பேசாமல் துடைத்தாள். காலையில் வாசலில் உட்காரவைத்துத் தாடையைத் தூக்கிப் பிடித்துச் சவரம் செய்தாள். தொண்டைமேல் கத்தி ஏறி இறங்கும், அவள் முகத்தில் ஓர் அசைவு இராது. சன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்குவதற்காகவே வேண்டுமென்று ஒரு கோப்பை தண்ணீரைப் பாயில் தட்டிவிட்டுப் பார்த்தார். துடைத்துவிட்டுப் போனாள். ஊசி போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கடை பெஞ்சில் ஆறுதல் சொன்ன பத்துமலையிடம், “வீடு அமைதியா இருக்கு மச்சான், தாங்க முடியல,” என்றார். பத்துமலைக்கு அது விளங்கவில்லை. அவர் வீட்டில் அமைதிக்காக ஏங்குகிறவர்.

ஆப்பரேஷன் நாளன்று தலையை மழித்து, ஓர் இரும்பு வளையத்தை மண்டையில் நாலு இடத்தில் இறுக்கிப் பூட்டினார்கள். அதோடு படம் எடுத்தார்கள். இந்த முறை படம் தெளிவாக இருந்தது. பெட்டி இரண்டு அடையாளங்களையும் கண்டுபிடித்து, அளந்து, உச்சியிலிருந்து உள்ளே ஒரு கோடு போட்டுக் காட்டியது. டாக்டர் அதை அப்படியே ஏற்கவில்லை. படத்தாளில் ஸ்கேலும் பென்சிலும் வைத்துத் தானும் ஒரு கணக்குப் போட்டார். இடம் சரிதான், ஆனால் போகிற வழியில் ஒரு ரத்தக்குழாய் ஒட்டினாற்போல் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. துளையைக் கொஞ்சம் பக்கத்தில் தள்ளிப் பெட்டியிடம் சொன்னார். அது மறுபடி யோசித்து, சரி, அந்தப் பாதை இன்னும் நல்லது என்று ஒப்புக்கொண்டது. பாதை சொன்னது யார், திருத்தியது யார் என்று இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

சன்னாசி விழித்திருந்தார். தலையில் துளை போடுகிற சத்தம் அரிசி ஆலை மாதிரி கேட்டது, வலி இல்லை. கம்பி இறங்கியது.

“கையைத் தூக்குங்கோ. இந்தக் கிளாஸைப் பிடியுங்கோ,” என்றார் டாக்டர்.

கிளாஸில் பாதித் தண்ணீர். தூக்கினார். வழக்கம்போல் ஆடியது, தாதியின் சட்டை நனைந்தது. டாக்டர் ஏதோ சொன்னார், கம்பியின் நுனியைச் சூடாக்கினார்கள். தைப்பிங்கில் கொட்டிக்கொண்டிருக்கும் மழை சட்டென்று நிற்குமே, அப்படி நின்றது கை. கிளாஸில் இருந்த தண்ணீர் அசையவில்லை. சன்னாசி அதையே பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோனார், குடித்தார், ஒரு சொட்டுக் கீழே போகவில்லை. டாக்டர் முகமூடிக்குள் ஹோவென்று சிரித்தார். தாதிகள் கை தட்டினார்கள். சன்னாசியும் சிரித்தார். ராக்காயியிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் என்று முதலில் தோன்றியது. காட்டி என்ன ஆகப்போகிறது என்று அப்புறம் தோன்றியது.

மத்தியானம் வார்டில் கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்தார். ராக்காயி தூக்குச்சட்டியோடு வந்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். சன்னாசி கரண்டியை வாங்கித் தானே அள்ளிச் சாப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“ராக்கு, உண்மையச் சொல்லு. இப்ப என்னையப் பாத்தா ஒனக்கு எப்பிடி இருக்கு?”

அவள் நிதானமாகப் பார்த்தாள். மழித்த தலை, வீங்கிய நெற்றி, இரண்டு தையல், குழிவிழுந்த கன்னம்.

“நல்லாவே இல்ல,” என்றாள்.

சன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.

“முன்னயும் ஒண்ணும் நல்லா இல்ல. நான் எந்தக் காலத்துல ஒங்க மூஞ்சியப் பாத்து வந்தேன்?”

கண் திறந்தது. “பின்ன எதப் பாத்து வந்த?”

ராக்காயி தூக்குச்சட்டியை மூடி ஓரமாக வைத்தாள். “எங்க லயத்துல கண்ணு தெரியாத கெழவரு ஒருத்தரு இருந்தாருல்ல, இராமசாமின்னு. ஒரு ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் வெட்டி முடிச்சிட்டு, கடைசியா அவருக்கு வெட்டுனீங்க. வெட்டிட்டு, கண்ணாடிய எடுத்து எல்லாருக்கும் காட்டுற மாதிரியே அவருக்கும் புடிச்சீங்க. குருடனுக்குக் கண்ணாடி காட்டுறான் பாருன்னு லயமே சிரிச்சிச்சு. நீங்க சிரிக்கல. ‘காதோரம் நல்லா எடுத்திருக்கேன்யா, பின்னால கொஞ்சம் நர தெரியுது, அது ஒங்களுக்கு அம்சமா இருக்கு’ன்னு ஒண்ணொண்ணா சொன்னீங்க. அந்தாளு கண்ணாடியத் தொட்டுப் பாத்துக்கிட்டு, மாப்புள மாதிரி சிரிச்சாரு. நான் தண்ணிப் பீப்பாய்க்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு ராத்திரியே எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன், கட்டுனா அந்த முடிவெட்டுறவரத்தான் கட்டுவேன்னு. அம்மாவ மசிய வைக்கத்தான் மாசக்கணக்காச்சு.”

“அது எப்ப?”

“தீவாளிக்கு முந்துன வாரம். எல்லாரும் முடி வெட்டிக்க வரிசையில நின்னாங்களே.”

சன்னாசி போமோவிடம் போனது அதற்கு அடுத்து வந்த தைப்பூசம் கழித்து. அவர் கணக்குப் போடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் சொன்னாள்.

“இப்ப வெளங்குதா? நீங்க ஊசி குத்திக்கிட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. ஆசைப்பட்டவன் என்னென்னவோ செய்வான். ஆனா காய்ச்சல்ல கெடந்தப்ப விசிறுனது நான். மூணு வேளையும் ஊட்டிவிட்டது நான். என் கையிதான்யா வலிச்சுது. அம்புட்டையும் எவனோ ஒரு கெழவன் மந்திரம்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு என் பக்கத்துல படுத்திருக்கீங்களே, அதத்தான்யா என்னால செரிக்க முடியல. ஒரு நாளாச்சும் நான்தான்னு நெனச்சிருக்கக் கூடாதா?”

சன்னாசி வலது கையை நீட்டினார். ஆடாமல் போய் அது அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அடுத்த கட்டிலில் இருந்த சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

“அழுவாதீங்க, தையல் பிரிஞ்சிரும்,” என்றாள் ராக்காயி. “இனிமே நான் என்ன செஞ்சாலும் யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

“நீதான், ராக்கு.”

“இன்னொருக்கா.”

“நீதான்.”